கொடுத்த வருமானவரி ரிட்டனில் தப்பா? டிசம்பர் 31-க்குள் திருத்துவது எப்படி

போன வாரம் எருத்தேம்பதிப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் வேலை. கையில் மஞ்சள் பை, பைக்குள் கூட்டுறவு சொசைட்டி டெபாசிட் ரசீது.

“ஏனுங்க, ரிட்டன் செப்டம்பர்லயே போட்டாச்சு. பாக்கியும் இல்ல, ரீஃபண்டும் இல்லன்னு மெயில் வந்துச்சு. நேத்து பீரோவைத் தொடச்சப்பத்தான் இது கண்ணுல பட்டுச்சுங்க. இனி கேஸ் ஏதாச்சும் ஆயிருமா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க டீச்சர். நாளு இருக்குது. உக்காருங்க.”

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்தில் பல வருஷமாக ரிட்டன் போட்டுக் கொடுக்கிறேன். நவம்பர் வந்தால் இந்தப் பயத்தோடு பத்துப் பேராவது வருவார்கள். தப்பைத் தானாகவே கண்டுபிடித்துத் திருத்துகிறவருக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 1961 வருமானவரிச் சட்டத்தின் 139(5) பிரிவு அதற்காகவே இருப்பது. அது நமக்குள்ள உரிமை, யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. 2024-25 நிதியாண்டுக்கு, அதாவது அந்த வருமானத்துக்கு வரிக்கணக்குப் பார்க்கும் 2025-26 அசெஸ்மென்ட் ஆண்டுக்கு, அந்த வழிக்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31.

ரிட்டன் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

என்ன தப்பு என்று பார்ப்பதற்கு முன்னால் ரிட்டன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரே தப்புக்கு ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு வழி. இது தெரியாமல் ரெக்டிஃபிகேஷன் (துறையின் கணக்குப் பிசகைத் திருத்தக் கேட்பது) போட வேண்டிய இடத்தில் ரிவைஸ்டு ரிட்டனும் (நாமே திருத்திப் போடும் ரிட்டன்), ரிவைஸ்டு போட வேண்டிய இடத்தில் ரெக்டிஃபிகேஷனும் போட்டு மாதக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வருமானவரித் தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து உள்ளே போங்கள். ‘ஈ-ஃபைல்’, அதற்குள் ‘இன்கம் டாக்ஸ் ரிட்டன்ஸ்’, அதற்குள் ‘வியூ ஃபைல்டு ரிட்டன்ஸ்’. ஆண்டு வாரியாக ரிட்டன்கள் வரிசையாக நிற்கும். சரிபார்ப்பு பாக்கியா, சரிபார்த்தாயிற்றா, துறை கணக்குப் பார்த்து பிராசஸ் ஆகிவிட்டதா, குறை என்று நோட்டீஸ் வந்திருக்கிறதா என்பது அங்கேயே தெரியும். ஒப்புகை ரசீதையும், கணக்குப் பார்த்த முடிவைத் துறை சொல்லும் இன்டிமேஷன் வந்திருந்தால் அதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகையில் இருக்கும் 15 இலக்க எண் பிறகு தேவைப்படும்.

உள்ளே போகும்போதே இன்னொன்றையும் பாருங்கள். புரொஃபைலில் இருக்கும் மொபைலும் மெயிலும் உங்களுடையவைதானா? எங்கோ ஒரு கணினி மையத்தில் ரிட்டன் போட்டவர்கள் பலருக்கு அந்த மையத்தின் நம்பர்தான் பதிவாகியிருக்கிறது. நோட்டீஸ் அங்கே போகும், பதில் சொல்லும் கெடு இங்கே தாண்டிவிடும். வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால் அதை மாற்றுங்கள்.

இன்னும் சரிபார்க்கவில்லை என்றால்

ரிட்டனை அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி, நெட் பாங்கிங் போன்ற ஒரு வழியில் சரிபார்க்க வேண்டும். அதற்கு முன்னாலேயே தப்பு தெரிந்துவிட்டால் ‘டிஸ்கார்ட்’ கொடுத்து அந்த ரிட்டனையே கழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம். 2023-24 அசெஸ்மென்ட் ஆண்டிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

ஆனால் கெடு தாண்டிய பிறகு கழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அது தாமத ரிட்டன். தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. 2025-இல் சம்பளக்காரர்களுக்கான கெடு செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஆகவே இப்போது டிஸ்கார்டைத் தொடாதீர்கள். சரிபார்க்கும் 30 நாள் கெடு இன்னும் முடியாமல் இருந்தால் இருக்கிறபடி சரிபார்த்துவிட்டு, ரிவைஸ்டு போடுங்கள்.

ரிவைஸ்டு ரிட்டன்: டீச்சரின் கணக்கு

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் வழி. டீச்சரின் கணக்கை வைத்தே சொல்கிறேன், விளங்குவதற்காக எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

சம்பளம் 8,40,000. புதிய வரிமுறை. நிலைக்கழிவு 75,000 போக 7,65,000. அதற்கு வரி 26,500, வரியின் மேல் வரும் செஸ் 4 சதவீதம் சேர்த்து 27,560. பள்ளியிலிருந்து அவ்வளவும் பிடித்தாயிற்று. ஐடிஆர்-1 (எளிய வருமானத்துக்கான படிவம்) போட்டார், பாக்கி பூஜ்யம்.

விட்டுப்போனது சொசைட்டி டெபாசிட் வட்டி 62,000. “அதுல வரியே புடிக்கலீங்களே, அப்ப வரி இல்லாத வட்டின்னுதான நெனச்சேன்” என்றார். நம் வட்டாரத்தில் அதிகமாக நடக்கிற தப்பு இதுதான். கிராமத்து விவசாயக் கூட்டுறவுச் சங்கங்கள் டெபாசிட் வட்டியில் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, பிடிக்க வேண்டியதில்லை. அதனால் அது, பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வராது. படிவத்தில் வராததால் வரி இல்லாததாக ஆகிவிடாது. வட்டியை எடுக்காமல் அப்படியே டெபாசிட்டைப் புதுப்பித்தாலும் அது வருமானம்தான்.

62,000-ஐச் சேர்த்தால் வருமானம் 8,27,000. அவருடைய வருமானம் 10 சதவீத அடுக்கில் நிற்பதால் கூடுதல் வரி 6,200, செஸ் சேர்த்து 6,448. பத்தின் மடங்காக்கினால் 6,450. பாக்கி 10,000-க்குக் கீழே இருப்பதால் அட்வான்ஸ் டாக்ஸ் வட்டி (வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டாததற்கான வட்டி) கிடையாது. முதல் ரிட்டன் கெடுவுக்குள் போனதால் தாமதக் கட்டணமும் கிடையாது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்து, “வேற வருமானம் ஏதாச்சும் இருக்குதுங்களா டீச்சர்?” என்று கேட்டேன்.

“வேற ஒண்ணும் இல்லீங்க. அப்பா எழுதி வெச்ச தோப்பு இருக்குது. அது வெவசாயந்தானுங்களே, வரி இல்லையே?”

தென்னந்தோப்பு. மரமேறும் கூலி, உரம், தண்ணீர்ச் செலவெல்லாம் போக அந்த ஆண்டு 1,50,000 நின்றிருக்கிறது. விவசாய வருமானத்துக்கு மத்திய வரி கிடையாது என்பது உண்மை, 10(1) பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் மற்ற வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000-ஐத் தாண்டினால், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்பதைத் தீர்மானிக்க அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள், தோப்பும் வயலும் வைத்திருக்கும் சம்பளக்காரர்கள் இடறுவது இங்கேதான்.

முதலில் இரண்டையும் கூட்டுங்கள்: 8,27,000 + 1,50,000 = 9,77,000. அதற்குப் புதிய முறையில் வரி 47,700. பிறகு விலக்கு வரம்பான 3,00,000-ஓடு விவசாய வருமானத்தைக் கூட்டுங்கள்: 4,50,000. அதற்கு வரி 7,500. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 40,200, செஸ்ஸோடு 41,808. தோப்பைச் சொல்லாமல் விட்டிருந்தால் 34,008. ஆக, வரியே இல்லாத தோப்பு வருமானம் சம்பளத்தின் வரியை 7,800 ரூபாய் ஏற்றிவிட்டது.

பிடித்த 27,560 போக பாக்கி இப்போது 14,248. 10,000-ஐத் தாண்டியதால் அட்வான்ஸ் டாக்ஸ் வட்டியும் வரும். 234பி பிரிவில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்துக்கு மாதம் ஒரு சதவீதம், 1,136. 234சி பிரிவில் தவணை தவறியதற்கு 715. எல்லாம் சேர்த்து 16,100. டிசம்பருக்குத் தள்ளினால் இன்னொரு 142 கூடும். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கட்டிரலாமுங்க” என்றார்.

தோப்பு வருமானம் 5,000-ஐத் தாண்டினால் ஐடிஆர்-1 படிவமே செல்லாது, ஐடிஆர்-2 போட வேண்டும். முதலில் போட்டது ஐடிஆர்-1 ஆக இருந்தாலும் ரிவைஸ்டு ரிட்டனை ஐடிஆர்-2-இல் போடலாம். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு இங்கேயே வசிப்பவராகக் குறித்து ஐடிஆர்-1 போட்டவர்களுக்கும் இதே திருத்தம்தான். வெளிநாட்டில் வசிப்பவருக்கு ஐடிஆர்-1 கிடையாது.

இனித் தளத்தில் செய்ய வேண்டியது. ‘ஈ-ஃபைல்’ வழியாகப் போய் ‘ஃபைல் இன்கம் டாக்ஸ் ரிட்டன்’. ஆண்டு 2025-26. அருகிலேயே 2024-25 நிற்கும், நிதியாண்டு என்று நினைத்து அதை அழுத்திவிடாதீர்கள். ஆன்லைன் முறை, தனிநபர், ஐடிஆர்-2. சொந்த விவரப் பக்கத்தில் எந்தப் பிரிவின் கீழ் ரிட்டன் என்று கேட்கும் இடத்தில் 139(5) ரிவைஸ்டு. உடனே பழைய ஒப்புகை எண்ணும் தேதியும் கேட்கும். இந்தத் தேர்வைச் சரியாகச் செய்யாவிட்டால் கீழே பார்த்துப் பார்த்து நிரப்பியதெல்லாம் வீண்.

மாறிய இடத்தை மட்டும் நிரப்பினால் போதும் என்று நினைக்க வேண்டாம். ரிவைஸ்டு ரிட்டன் பழையதை முழுசாகத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஆகவே சம்பளம், டிடிஎஸ், வங்கிக் கணக்கு எல்லாம் மறுபடி இருக்க வேண்டும். சொசைட்டி வட்டியை ‘மற்ற வருமானம்’ பகுதியில், வங்கி, தபால் நிலையம், கூட்டுறவுச் சங்க டெபாசிட் வட்டி என்ற வரியில் போட்டோம். தோப்பு வருமானம் விலக்கு வருமான அட்டவணையில்: மொத்த வரவு தனியே, செலவு தனியே, நிகரம் தனியே. நிகரம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலத்தின் மாவட்டம், பின்கோடு, பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பதும் கேட்பார்கள். நிலவரி (கரம்) கட்டிய ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, உங்கள் பேரில் வந்த வரவுகளைத் துறை தொகுத்து வைத்திருக்கும் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு வரியாக ஒத்துப்பாருங்கள். ஒரு தப்பைத் திருத்த வந்தவர் இரண்டாவதை விட்டுவிட்டுப் போவது சகஜம். சேமிப்புக் கணக்கு வட்டி, பழைய கம்பெனியில் வாங்கிய இரண்டு மாதச் சம்பளம், ஈவுத்தொகை எல்லாம் அதில் இருக்கும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத தொகை இருந்தால் அங்கேயே ஆட்சேபத்தைப் பதியலாம்.

பணம் கட்டுவது ‘ஈ-பே டாக்ஸ்’ பகுதியில். ஆண்டு 2025-26, வகை செல்ஃப் அசெஸ்மென்ட், எண் 300. கட்டிய ரசீதில் வங்கிக் கிளையைக் குறிக்கும் 7 இலக்க பிஎஸ்ஆர் கோடு, தேதி, 5 இலக்க சலான் எண் இருக்கும். மூன்றையும் ரிட்டனில் ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் கட்டிய பணம் ஒரு பக்கம் நிற்க, பாக்கி என்று இன்டிமேஷன் வரும். சலானில் ஆண்டு தவறாகிவிட்டால் ஓரிரு நாளில் தளத்திலேயே சலான் திருத்தம் கேளுங்கள். நாள் கடந்துவிட்டால் மதிப்பீட்டு அலுவலருக்குத்தான் எழுத வேண்டும்.

கடைசியாகச் சரிபார்ப்பு. ரிவைஸ்டு ரிட்டனையும் 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். அனுப்பிவிட்டோம் என்று எழுந்து போனவருக்குத் திருத்தமே நடக்காததுபோல் பழைய ரிட்டன்தான் நிற்கும். டீச்சரின் போனுக்கு ஓடிபி வரும்வரை அவரை எழுந்திருக்க விடவில்லை.

எத்தனை தடவை திருத்தலாம் என்று கேட்பார்கள். எண்ணிக்கைக்கு வரம்பில்லை. தாமதமாகப் போட்ட ரிட்டனையும் திருத்தலாம். இன்டிமேஷன் வந்த பிறகும், ரீஃபண்ட் கைக்கு வந்த பிறகும் திருத்தலாம். முழு மதிப்பீடு முடிந்திருக்கக் கூடாது, டிசம்பர் 31 தாண்டக் கூடாது, அவ்வளவுதான். வருமானத்தைக் குறைக்கவோ ரீஃபண்டைக் கூட்டவோகூட இதைப் பயன்படுத்தலாம். விட்டுப்போன டிடிஎஸ் தொகையை ஏற்றுவதற்கு வருகிறவர்கள் நிறைய.

இன்டிமேஷனில் தப்பு இருந்தால்

உங்கள் ரிட்டன் சரியாக இருந்தும், துறையின் பெங்களூரு மையத்தில் கணக்குப் பார்த்ததில் பிசகு என்றால் 154 பிரிவின் கீழ் ரெக்டிஃபிகேஷன். இன்டிமேஷனில் இரண்டு பத்திகள் இருக்கும்: நீங்கள் கொடுத்தது ஒன்று, அவர்கள் கணக்கிட்டது ஒன்று. எந்த வரியில் எண் மாறுகிறது என்று விரலை வைத்துக்கொண்டே வாருங்கள். ‘சர்வீசஸ்’ பகுதியில் ‘ரெக்டிஃபிகேஷன்’. ரிட்டனை மறுபடி பிராசஸ் பண்ணச் சொல்வது, டிடிஎஸ் பொருத்தம், ரிட்டன் விவரத் திருத்தம் என்று வகைகள் உண்டு. ஆணை வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுவரை கேட்கலாம். ஆனால் புது வருமானம் சேர்ப்பதற்கோ, மறந்துபோன புதுக் கழிவைக் கேட்பதற்கோ இது வழியல்ல. பதிவிலிருந்தே பளிச்சென்று தெரிகிற தப்புக்கு மட்டும்தான்.

கஞ்சிக்கோட்டிலும் கோயம்புத்தூரிலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. சம்பளத்தில் வரியைப் பிடித்திருப்பார்கள். ஆனால் கம்பெனி தன் டிடிஎஸ் கணக்கில் பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கும், அல்லது கணக்கே கொடுத்திருக்காது. இன்டிமேஷனில் உங்கள் பேரில் பாக்கி நிற்கும். ரிட்டனைத் திருத்தி அந்த டிடிஎஸ்ஸை நீங்களே அழித்துவிடாதீர்கள். சம்பளச் சீட்டு, பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் படிவம் 16, வங்கி வரவு மூன்றையும் வைத்துக்கொண்டு கம்பெனியைத் திருத்தக் கணக்கு கொடுக்கச் சொல்லுங்கள். 26ஏஎஸ்-இல் வந்ததும் மறுபடி பிராசஸ் பண்ணக் கேளுங்கள். அதுவரை பாக்கி நோட்டீசுக்கு ‘ஒப்பவில்லை’ என்று பதிலைப் பதிந்து வையுங்கள். பிடித்துவிட்ட வரியைத் தொழிலாளியிடமே மறுபடி கேட்கக் கூடாது என்று 205 பிரிவு சொல்கிறது.

‘குறையுள்ள ரிட்டன்’ என்று 139(9) நோட்டீஸ் வந்தால் 15 நாள். கணக்கில் மாற்றம் செய்யப்போகிறோம் என்று 143(1)(ஏ) அறிவிப்பு வந்தால் 30 நாள். பதில் சொல்லாமல் விட்டால் முதலாவதில் ரிட்டனே செல்லாததாகிவிடும், இரண்டாவதில் அவர்கள் சொன்ன மாற்றமே நின்றுவிடும்.

ரீஃபண்ட் வங்கியில் ஏறாமல் திரும்பினால் அதற்கு ரிவைஸ்டு தேவையில்லை. கணக்கைச் சரிபார்த்துவிட்டு ‘ரீஃபண்ட் ரீ-இஷ்யூ’ கேட்டால் போதும். எல்லைக்காரர்களுக்கு இது ஏன் அதிகம் என்றால் பேர்தான் காரணம். ஒரு பக்கத்துச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், இன்னொரு பக்கத்தில் வீட்டுப்பேர் பின்னால். பானில் இருக்கும் பேரும் வங்கியில் இருக்கும் பேரும் ஒத்துவராது. இரண்டில் ஒன்றை மாற்றித்தான் ஆக வேண்டும். அதேபோல், கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது பான் வாங்கியவருக்கு மதிப்பீட்டு அலுவலரும் கோயம்புத்தூரில்தான் இருப்பார். இங்கே வந்து முகவரியை மாற்றினால் மட்டும் கோப்பு பாலக்காட்டுக்கு வந்துவிடாது, இடமாற்றம் தனியே கேட்க வேண்டும். ‘நோ யுவர் ஏஓ’ (உங்கள் மதிப்பீட்டு அலுவலர் யார்) என்ற இடத்தில் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

டிசம்பர் 31 தாண்டிவிட்டால்

அப்புறம் ஐடிஆர்-யு, கெடு தாண்டிய பின் போடும் அப்டேட்டட் ரிட்டன். 139(8ஏ) பிரிவு, 2022-இல் வந்தது. 2025 நிதிச் சட்டத்தில் கெடு 24 மாதத்திலிருந்து 48 மாதமாக நீண்டது. வரியும் வட்டியும் கட்டுவதோடு அவற்றின் மேல் கூடுதல் தொகை உண்டு: அசெஸ்மென்ட் ஆண்டு முடிந்து முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24 மாதத்துக்குள் 50, 36-க்குள் 60, 48-க்குள் 70. டீச்சர் இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு 2027 மார்ச்சுக்குள் வந்திருந்தால் நாலாயிரத்துக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கும். அதற்கடுத்த ஆண்டு என்றால் எட்டாயிரத்துக்கு மேல்.

ஓர் ஆண்டுக்கு ஒரே ஒரு தடவைதான் ஐடிஆர்-யு. வரியைக் குறைக்க, ரீஃபண்டைக் கூட்ட, நஷ்டத்தைக் காட்ட இதில் வழி இல்லை. ஆகவே உங்களுக்கு வர வேண்டிய பணம் விட்டுப்போயிருந்தால் டிசம்பரை எக்காரணத்தாலும் தவறவிடாதீர்கள். தவறிவிட்டால் மிச்சம் இருப்பது 119(2)(பி) பிரிவில் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் மனு மட்டும். 2024 அக்டோபர் 1 தேதியிட்ட 11/2024 சுற்றறிக்கைப்படி அசெஸ்மென்ட் ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் கேட்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டுபோல உண்மையான காரணத்துக்கு ஆதாரம் வேண்டும், அனுமதிப்பதும் மறுப்பதும் துறையின் கையில்.

மறந்தது வேறு, பொய் வேறு

கமிஷனுக்காக இல்லாத வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, எடுக்காத கல்விக் கடன் எல்லாம் எழுதி ரீஃபண்ட் வாங்கித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் இப்படிப்பட்ட ரிட்டன்களைத் தொடர்ந்து துறை 150 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டனைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளை விலக்கிக்கொண்டதாகவும் துறை அறிவித்தது. உங்கள் ரிட்டனில் யாராவது அப்படி எழுதியிருந்தால், தெரிந்த அன்றே அந்தக் கழிவை எடுத்துவிட்டு ரிவைஸ்டு போட்டு, வாங்கிய ரீஃபண்டைத் திருப்பிக் கட்டுங்கள். துறையாகவே கண்டுபிடித்தால் தவறான தகவலுக்கு அபராதம் வரியில் 200 சதவீதம். ‘எனக்குத் தெரியாது, அவர்தான் எழுதினார்’ என்பது எடுபடாது. ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வந்தது.

2025 வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1, அதில் பிரிவு எண்கள் வேறு. கையில் இருக்கும் இந்த 2025-26 அசெஸ்மென்ட் ஆண்டு ரிட்டனைப் பழைய சட்டத்தின்படிதான் பார்ப்பார்கள். ரிவைஸ்டு போட்ட பிறகு வாரம் ஒரு தடவை உள்ளே போய் நிலையைப் பாருங்கள். பழைய ஒப்புகை, புதிய ஒப்புகை, சலான், சொசைட்டி ரசீது நாலையும் ஒரே உறையில் போட்டு ஆண்டை மேலே எழுதுங்கள். டீச்சரின் மஞ்சள் பையில் அந்த உறை போய்விட்டது. அவருடைய அம்மா பேரிலும் சொசைட்டியில் டெபாசிட் இருக்கிறதாம், சனிக்கிழமை அந்த ரசீதோடு வருகிறார்.